பெண்களுக்கு ஒரு மணித்தியாலம்

நான் பொது நீச்சல் தடாகத்தில் டிக்கெட் கொடுத்த காலத்தில், அலுவிகாரைப் பக்கமிருந்து கறுப்பு அபாயா அணிந்த ஓர் அம்மா மகளோடு மாதாமாதம் வருவார். உடம்பு முழுவதும் மூடும் நீச்சலுடைக்கு அங்கே அனுமதியில்லை. அதனால் பெண்களுக்கென்று வாரத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டுக் கடிதம் கொண்டுவருவார்.

"எங்கட வீடு ஆத்தோரம் தங்கச்சி. போன வெள்ளத்துல மூத்தவ போயிட்டா. இவளுக்காவது நீந்தத் தெரியணும்."

மேலதிகாரி ஒரு கடிதத்தையும் பிரித்ததில்லை. ஒருநாள் மனம் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அவர் எதையும் படிக்கிறதே இல்லைங்க."

"தெரியும். வேற யாருகிட்ட குடுக்கிறது?"

அன்றும் கடிதத்தை நீட்டினார். வாங்கி மற்றக் கடிதங்களோடு வைத்தேன். அதற்குமேல் நான் எதுவுமே செய்யவில்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.