மூன்று கீசருக்கு ஒரே ஒயர்

என் வீட்டுக்காரர் உஸ்மான் கனியை எந்தக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போனாலும் மானம் போய்விடும். எல்லோரும் பந்திக்கு ஓடினால் இவர் மட்டும் சீரியல் பல்பு ஒயரை விரலால் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டு நிற்பார். பூந்தமல்லியில் எத்தனையோ வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே அபூர்வம்.

அவருக்கு ஒரே அக்கா, ரோஷன் பேகம். சென்னீர்குப்பத்தில் மாடி வீடு. போன தை மாதம் அவர் மகள் உஸ்மாவுக்கு அந்த வீட்டிலேயே கல்யாணம். அத்தா இல்லாத பெண். தோளில் தூக்கி வளர்த்தது இவர்தான். நிக்காஹ் அன்று பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்டு வருகிறவரை எங்களில் வக்கீல் என்போம். அந்த இடம் மாமாவுக்குத்தான் என்று உஸ்மாவே எப்போதோ சொல்லிவைத்துவிட்டாள். மனுஷர் அதற்காக வெள்ளைச் சட்டை தைத்து, நாலு தடவை போட்டுப் பார்த்து, என்னிடம் திட்டும் வாங்கினார்.

மாப்பிள்ளை வீட்டார் ஆம்பூர்க்காரர்கள். முந்தின நாளே வந்து மாடியில் தங்கினார்கள். அவர்களுக்கு வெந்நீர் குறையக் கூடாதென்று என் நாத்தனார் மாடியில் ஏற்கெனவே இருந்த கீசரோடு இன்னும் இரண்டு வாங்கி, யாரோ ஒருவரை வைத்து அதே ஒயரில் மாட்டிவிட்டார். கூடப்பிறந்தவன் எலக்ட்ரீஷியன், அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்டால் புது ஒயர் இழுக்கச் சுவரை உடைப்பான், கல்யாணத்துக்கு அடித்த பெயிண்ட் பாழாகும் என்று பயம்.

கல்யாணத்தன்று காலை இரண்டு கீசரை ஒன்றாகப் போட்டார்கள். ஒயர் தாங்காதபோது தானாகவே கரண்டை நிறுத்துகிற எம்.சி.பி. சுவிட்ச் பட்டென்று விழுந்தது. மாடியில் யாருக்கும் வெந்நீர் இல்லை.

“தம்பி, பெரிய எம்.சி.பி.யா ஒண்ணு போட்டுக் குடுத்துடுடா. வந்தவங்க பச்சத் தண்ணில நடுங்கிக்கினு கீறாங்க” என்றார் நாத்தனார்.

“பெருசு போட்டா அது விழாதுக்கா. சுவத்துக்குள்ள ஒயரு வேகும். மேல கொழந்தைங்க வேற கீதுங்க. என் கையால போடமாட்டேன்.”

“நீ போடலன்னா வேற ஆளு போடுவான்.”

அந்தப் பேச்சில்தான் இவர் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் நகர்ந்தால் அக்கா அந்தப் பக்கம் ஆளைக் கூப்பிட்டுவிடுவார் என்று தெரியும். “ஒண்ண அணைச்சிட்டு ஒண்ணப் போட்டா மூணும் ஓடும். நானே நிக்கிறேன்” என்று மாடிப்படி சுவிட்ச் போர்டு முன்னால் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளையின் அக்கா கதவைத் திறந்து, “ஒயர்மேன், இப்ப எங்களுக்குப் போடுப்பா” என்று அதட்டினார். நாத்தனார் பக்கத்திலேயேதான் இருந்தார். இவன் என் தம்பி என்று சொல்ல நாக்கு வந்ததா? ம்ஹூம்.

“கீழ போய்ச் சட்டய மாத்துங்க. நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

“நீ பேச்சு சுவாரசியத்துல ரெண்டத் தட்டிவுட்டுடுவ” என்றார். ஆளைப் பாருங்கள்!

நிக்காஹ் நேரம் நெருங்கியது. நாத்தனார் மேலே வந்து, “நீ இங்கியே இருடா. இன்னும் நாலு பேரு குளிக்கணும். வக்கீலுக்கு ஜமீர் அண்ணனச் சொல்லிட்டேன்” என்றார். ஜமீர் தெருக்கோடியில் கடை வைத்திருப்பவர். இவர் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான் கீழே போய் உஸ்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜமீர் சாட்சிகள் இரண்டு பேரோடு வாசற்படியில் வந்து நின்று, “சம்மதமாம்மா?” என்று கேட்டார். பெண் வாய் திறக்காவிட்டாலும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். கூச்சப்படுகிறாள் என்று பெண்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். உஸ்மா தலையை நிமிர்த்தினாள்.

“எங்க மாமா எங்க?”

ஜமீர் சாட்சிகளைத் திரும்பிப் பார்த்தார்.

“மாமா வந்து கேக்கட்டும். அப்பதான் சொல்லுவேன்.”

“அடியே, மாப்பிள்ள ஊட்டுக்காரங்க முன்னாடி மானத்த வாங்காத” என்று நாத்தனார் பல்லைக் கடித்தார். உஸ்மா அசையவில்லை.

நான் ஒரே ஓட்டமாக மாடிக்கு ஏறினேன். “என்னங்க, நீங்க கேட்டாதான் சொல்லுவாளாம். மூணையும் அணைங்க.”

“உள்ள ஆளு குளிக்கிறாங்களே...”

“பச்சத் தண்ணில குளிச்சா செத்துடமாட்டாங்க. போய்யா!”

எம்.சி.பி.யை இறக்கினார். “யாரையும் தொட உடாத” என்றார். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். வியர்த்த கட்டம்போட்ட சட்டையோடு, மடித்துவிட்ட பேண்டோடு அப்படியே இறங்கிப் போனார்.

உடனே குளியலறைக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் அக்கா கத்தினார். “ஒயர்மேன்! தண்ணி சில்லுனு வருது!”

நான் வாயைத் திறப்பதற்குள், என் பின்னாலேயே ஏறி வந்திருந்த நாத்தனார் பாதிப் படியில் நின்று பதில் சொன்னார். வியர்த்த சட்டையோடு தம்பி தன்னைத் தாண்டி இறங்கிப் போனதைப் பார்த்த கண்ணெல்லாம் ஈரம். “ஒயர்மேன் இல்லீங்க, என் தம்பி. எம்பொண்ணாண்ட சம்மதம் கேக்கப் போயிருக்கான். செத்த பொறுத்துக்கோங்க.”

உள்ளே குழாயை மூடினார். கீழேயிருந்து உஸ்மாவின் குரல் மாடிவரை கேட்டது.

“சம்மதம், மாமா.”