குங்குமம் பட்ட டேப்

டேப் வட்டின் பிளாஸ்டிக் மூடியில் நான் வைத்த குங்குமப் பொட்டு இன்றும் கண்ணில் நிற்கிறது. எண்பதுகளின் நடுவில், ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு எடுபிடி வேலை. அதே மலையில் உள்ள நெல்லிவாசலில் ஐந்தாவது வரை படித்தவன். அறையைக் கூட்டி, புரோகிராம்களைப் பதிந்து வைக்கும் டேப்புகளைத் துடைத்து அடுக்கி, டீ வாங்கி வருவேன். வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த உத்தரவுக்காகவே எதையும் பொறுத்துக்கொண்டேன்.

அறைக்கு அதிகாரியாக இருந்தவரைக் கம்ப்யூட்டர் சார் என்போம். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. புது டேப்புகள் வந்தால் உறை பிரிக்காமல் பீரோவில் பூட்டிவிடுவார். தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்த்து மெச்ச வேண்டுமாம். இருக்கிற டேப்பிலேயே அழித்து அழித்து எழுதுவார். மழைக்கணக்குப் போடும் புரோகிராமை அங்கேயேதான் மெஷினுக்குப் புரிகிறபடி கம்பைல் செய்வார்கள். அதற்கு லைப்ரரி வேண்டும். லைப்ரரி என்றால் பல புரோகிராம்களும் எடுத்துக்கொள்ளும் பொதுக் கணக்குகளின் தொகுப்பு. அந்த வருடம் பெங்களூரிலிருந்து புதிய லைப்ரரி வந்தது. பழையது இருந்த டேப்பிலேயே அதை ஏற்றினார். மறுநாள் ஆயுத பூஜை. வழக்கம்போல மெஷினுக்கும் டேப் மூடிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அவரும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

லீவு முடிந்து வந்து பார்த்தால் மழைக்கணக்கு கம்பைல் ஆகவில்லை. ஒரு பிழையைத் திருத்தினால் வேறொன்று முளைத்தது. சாயங்காலத்துக்குள் அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அது நான்தான்.

“இன்னாடா பண்ணி வச்சிக்கிற? குங்குமத்தூள் உள்ள பூந்து டேப்பே நாசம். மலைக்காரன மெஷின் ரூமுக்குள்ள வுட்டா இப்டித்தான்.”

“மூடி மேலதான் சார் வச்சேன்...”

“எதுத்து வேற பேசறியா?”

என்மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். “இன்னா மச்சான், உங்க சாமி டேப்பத் தின்னுட்ச்சாமே?” என்று ஜீப் டிரைவர் கேட்காத நாள் இல்லை.

பிறகு பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். டேப்பை மாட்டிப் படித்துப் பார்த்தார்.

“டேப் நல்லாத்தான் இருக்கு. பழைய புரோகிராமுக்குப் புது லைப்ரரி ஒத்துவரலை. கணக்கோட பேரு அதேதான், ஆனா புதுசு கூடுதலா ஒரு எண் கேக்குது. பழைய லைப்ரரி எங்கங்க?”

சார் மாட்டியிருந்த அதே டேப்பைக் கைகாட்டினார்.

“அழிச்சிட்டீங்களா? ஏன், வேற டேப் இல்லையா?”

பீரோ திறந்தது. உறை பிரிக்காத டேப்புகள் வரிசையாக இருந்தன. மேடம் தான் கொண்டுவந்திருந்த பழைய லைப்ரரியை அதில் ஒன்றில் ஏற்றினார். இரண்டும் கலக்காதபடி தனித்தனிப் பெயர் வைத்து, மழைக்கணக்கைப் பழையதோடு சேர்த்தார். கம்பைல் ஆனது. எல்லோரும் டீ குடித்தார்கள். வாங்கி வந்தவன் நான்.

புகாரை இனிமேல் அவரே திரும்பப் பெறுவார் என்று காத்திருந்தேன். பெறவில்லை. நேரில் கேட்க நாக்கு எழாமல் டிரைவரை அனுப்பினேன். “எழுதனது எழுதனதுதான். மாத்தி எழுதனா எனக்குத்தான அசிங்கம்?” என்றாராம். நிரந்தர உத்தரவு கீழே கண்ணமங்கலத்து ஆள் ஒருவனுக்கு வந்தது. நான் மலையிறங்கி, போளூர் மண்டியில் மூட்டை தூக்கினேன். அதில் போன முதுகு இன்னும் நேராகவில்லை.

இப்போது அங்கேயே பஸ் நிலையத்தின் அருகே பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் அதே டிரைவர் வந்தான்.

“சாருக்கு ஒடம்பு முடியல மச்சான். வேலூர்லதான் கீறாரு. அந்த மலைக்காரன் எங்க கீறான்னு கேட்டாரு. ஒருவாட்டி பாத்துட்டு வந்துடேன்.”

“என் பேரச் சொன்னாரா?”

“பேரு ஞாபகம் இல்லியாம்.”

புகார் எழுதும்போது அப்பா பெயரோடு சேர்த்துத் தெரிந்திருந்ததே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் யாரோ பீடி கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். வேலூர் பஸ் கடைக்கு எதிரிலேயே நிற்கும். நான் ஏறவில்லை.