பதினேழாவது பலகை

வேகன் டாக்டருக்கு ஊசி போடத் தெரியாது, மருந்து எழுதத் தெரியாது. சரக்கு யார்டில் வரிசை கட்டி நிற்கும் திறந்த வேகன்களின் பலகைத் தளத்தில் ஏறுவார். நீளக் காம்பு போட்ட சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்ல பலகை 'ணங்' என்னும், உளுத்த பலகை 'தொப்' என்னும். தொப் என்று கேட்டால் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்த வேகன் ரிப்பேர் லைனுக்குப் போகும். முப்பத்தோரு வருடம் இந்த வைத்தியம்தான் பார்த்தார். பட்டப்பெயரை நம்பிக்கொண்டு, பல்வலிக்கு மாத்திரை கேட்டு வந்த எதிர்வீட்டு அம்மாளும் உண்டு.

அந்த யார்டில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரண்டையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒன்று, பலகைகளைக் கைப்பிரேக் சக்கரம் இருக்கும் முனையிலிருந்துதான் எண்ணுவார்கள். அந்த முனையில் முதல் பலகை, மறுமுனையில் நாற்பத்து மூன்றாவது. இரண்டாவது வழக்கம், புதிதாகப் போட்ட பலகையைத் தட்டமாட்டார்கள். போன வாரம் போட்ட பலகையைத் தட்டிப் பார்த்தால் தச்சருக்கு மூக்குமேல் கோபம் வரும். அதனால் மஞ்சளாகத் தெரியும் பலகையைத் தாண்டிப் போய்விடுவார்கள். டாக்டரும் தாண்டித்தான் போவார்.

ஓய்வு பெற்ற மறுமாதமே அவர் பின்கட்டு அறையில் மேஜையைப் போட்டுக்கொண்டு பொம்மை வேகன் செய்ய உட்கார்ந்துவிட்டார். பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது, 'மாடல்' என்று திருத்துவார். நிஜ வேகனில் எண்பத்தேழில் ஒரு பங்கு, ஒரு சாண் நீளம்கூட வராது. கடையில் வாங்கும் மாடலில் தளத்தை பிளாஸ்டிக்கில் வார்த்து மேலே கோடு கிழித்திருப்பார்கள். அதைப் பார்த்தாலே டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மெல்லிய மரச் சீவலிலிருந்து நாற்பத்து மூன்று பலகைகளைத் தனித்தனியாக வெட்டுவார். கம்பி பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்து மர ரேகையை எழுப்புவார். இரும்பு நாரை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்டால் துருத்தண்ணீர் மாதிரி ஒன்று கிடைக்கும். தேயிலைத் தண்ணீரில் நனைத்த பலகையில் அதைத் தடவினால், பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த சாம்பல் நிறம் பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஊசி முனையால் ஆணித் துளை குத்துவார், ஒரு பலகைக்கு நான்கு. நடுவில் ஒரே ஒரு பலகைக்கு மட்டும் எதையும் தடவாமல் மஞ்சளாகவே விடுவார். சாம்பலுக்கு நடுவே அந்த ஒரு புதுப் பலகை வந்ததும் மொத்தத் தளமும் நிஜமாகிவிடும்.

வீட்டில் வினிகர் பாட்டில் அடுக்களையில் தங்குவதே இல்லை.

"பாத்திரம் தேய்க்குற நார எங்க வச்சீங்க?"

"ஊறுது."

"ஊறுகாயா போடுறீங்க அத? முப்பது வருஷம் அந்தப் பலகையோட குடும்பம் நடத்துனீங்க. இப்ப வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டீங்க" என்பாள் மனைவி. வைதுகொண்டே புது நார் வாங்கிக் கொடுப்பவளும் அவள்தான்.

ஊரில் இப்படி ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். செயலாளர் ஒரு பல் வைத்தியர். பழைய பல் கருவிகளையெல்லாம் டாக்டருக்குக் கொடுத்து, "நிஜ டாக்டர் நான், ஆனா கருவி உங்க கையிலதான் ஒழுங்கா வேலை செய்யுது" என்பார். அந்த வருடக் கண்காட்சியில் டாக்டரின் வேகனுக்குத்தான் முதல் பரிசு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர்களெல்லாம் அந்த மஞ்சள் பலகையிடம் வந்து நின்றார்கள். "அச்சு அசல் சார்! இந்த ஒரு பலக போதும்!" என்று பல் வைத்தியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டாக்டர் சிரித்தார். ஆனால் அவர் கண் மஞ்சள் பலகையில் இல்லை. கைப்பிரேக் முனையிலிருந்து எண்ணி, பதினேழாவது பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு வேகன். அவருக்கு அது ஒரே ஒரு வேகன். ஐந்து வருடங்களில் இதே வேகனை ஒன்பது தடவை செய்திருக்கிறார்.

விஷயம் நடந்து பதினோரு வருடமாகிறது. அன்று அந்த வேகனைத் தட்டிக்கொண்டே போனார். பதினேழில் 'தொப்' என்று கேட்டது. அது நன்றாக நினைவிருக்கிறது. சாக்பீஸுக்காகப் பைக்குள் கைவிட்டதும் நினைவிருக்கிறது. அதற்குள் கீழே இருந்து யாரோ "டாக்டரே, டீ ஆறுது!" என்று கத்தினார்கள். அதற்குப் பிறகு எதுவுமே நினைவில்லை. குறி போட்டாரா, போடாமல் இறங்கிவிட்டாரா? அன்று மதியம் அடித்துப் பெய்த மழையில் சாக்பீஸ் குறி இருந்தாலும் அழிந்திருக்கும். வேகன் ரிப்பேர் லைனுக்குப் போகவில்லை, நேராக வேறொரு யார்டுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் அங்கே ஒரு சுமையாளி மேலே நடந்தபோது பலகை உடைந்து, இடதுகால் உள்ளே சிக்கிக்கொண்டது. உருளைமேல் வந்துகொண்டிருந்த இயந்திரப் பெட்டியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை, அது காலின்மேல் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர் வேகனைப் பார்க்கவே இல்லை. பார்க்க அது அங்கே இருந்தால்தானே? அன்று மாலையே வேறு பலகை போட்டு ஓட்டிவிட்டார்கள். உடைந்த பலகை அடுப்பெரிக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சுமையாளி சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள்: 'பதினேழாவது பலகை உடைந்தது.' அதை டாக்டரிடம் படிக்கக் கொடுத்தார்கள். "மார்க் போட்டேன் சார், மழையில அழிஞ்சிருக்கும்" என்றார். அவர்களும் நம்பி, காகிதத்தைக் கட்டி மேலே போட்டுவிட்டார்கள். அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. அதுதான் கொடுமை. பொய் சொன்னோம் என்று தெரிந்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பார். ஒன்பது தடவையும் கடைசியில் ஒற்றை மயிர் பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு பதினேழாவது பலகைக்கு மேல் கையை நிறுத்துவார். போடவும் முடியாது, விடவும் முடியாது. பிரஷ் காய்ந்துபோகும்.

பரிசுக் கோப்பையைத் துடைத்து வைத்த அன்று மனைவி சொன்னாள்: "அந்த ஆளுக்குத் தெரியும்ல? கால வச்சவருக்குத் தெரியாதா அங்க குறி இருந்துச்சா இல்லையான்னு? ஒரு தடவ போய்க் கேட்டுத் தொலைங்களேன். எத்தன நாளு இப்படி உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டிருப்பீங்க?"

"என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?"

"இருக்குற மூஞ்சிதான். வேற எங்க போய் வாங்குவீங்க?"

விசாரித்ததில், சுமையாளி இப்போது பக்கத்து ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே சாவி செய்து கொடுக்கும் கடை வைத்திருப்பது தெரிந்தது. டாக்டர் வேகனைப் பஞ்சு வைத்து ஒரு செருப்புப் பெட்டியில் படுக்க வைத்து, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனார்.

கடை ஒரு அலமாரி அகலம்தான். சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கின. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். டாக்டர் தான் யார், எந்த யார்டு, என்ன வேலை பார்த்தவர் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். அடுத்தது என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியைத் திறந்து வேகனை மேஜைமேல் வைத்தார்.

சாவிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! ஆணிகூட இருக்கே சார்! நீங்களே பண்ணதா?"

"ஆமா தம்பி. இது அந்த வேகன்தான். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." டாக்டரின் விரல் பதினேழாவது பலகையில் போய் நின்றது. "அன்னிக்கு இங்க சாக்பீஸ் குறி ஏதாவது பாத்தீங்களா? பெருக்கல் குறி மாதிரி? லேசா அழிஞ்சாப்புல?"

சாவிக்காரர் விரலையும் வேகனையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கயா? நான் இங்க விழலயே."

"பதினேழாவது பலகன்னு எழுதியிருந்துச்சே?"

"பதினேழுதான். ஆனா இந்தச் சக்கரத்துப் பக்கத்துலேர்ந்து யாரு சார் எண்ணுவா? நாங்க ஏறுற பக்கத்துலேர்ந்து எண்ணுவோம். அங்க மேடை இந்தப் பக்கம்." அவர் வேகனின் மறுமுனையில் சாவியை வைத்து, ஒவ்வொரு பலகையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். "பதினெட்டுல ஆப்பு அடிக்கணும், பெட்டி நகராம இருக்க. அதான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே நடந்தேன். பதினாலு, பதினஞ்சு, பதினாறு..." சாவி நின்றது. "பதினேழு. இதோ, இதுதான்."

மஞ்சள் பலகை.

சாவிக்காரர் சிரித்தார். "நீங்க கரெக்டாதான் பண்ணியிருக்கீங்க. அப்பவும் இப்படித்தான் மஞ்சளா, புத்தம் புதுசா இருந்துச்சு. பக்கத்துல எல்லாம் கறுத்துக் கெடந்துச்சா, எதுல கால வைக்கிறதுன்னு யோசிச்சேன். இது புதுசு, இது தாங்கும்னு நம்பித்தான் சார் அழுத்தி வச்சேன். உள்ளுக்குள்ள மரம் எப்படி இருந்துச்சோ, யாரு கண்டா? நேரம். வேற என்ன சொல்ல?"

டாக்டர் கைப்பிரேக் முனையிலிருந்து ஒரு தடவை எண்ணினார். இருபத்தேழு. திரும்பவும் எண்ணினார். அதே இருபத்தேழு. அந்த வேகனின் இருபத்தேழாவது பலகையை அவருக்கு நன்றாகத் தெரியும். விபத்துக்கு மூன்று வாரம் முன்பு தச்சர் அதைப் போட்டபோது பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவரே அவர்தான். பிறகு அன்று தட்டிக்கொண்டே வந்தவர், இருபத்தாறைத் தட்டினார், மஞ்சள் பலகையைத் தாண்டினார், இருபத்தெட்டைத் தட்டினார். இதில் மறதி இல்லை, சந்தேகம் இல்லை, மழை இல்லை. பதினோரு வருடம் தேடிய பதில் வந்துவிட்டது. இப்படி ஒரு பதில் இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். எதிரே இருந்தவரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்று விசாரணையில் சொன்னதே பதினோரு வருடம் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. இன்னொன்றையும் விழுங்க டாக்டருக்குத் தெம்பில்லை.

"அத நான் தட்டல தம்பி" என்றார். "புதுப் பலகைய நாங்க தட்ட மாட்டோம். எல்லாத்தையும் தட்டினேன், அத மட்டும் தாண்டிப் போயிட்டேன். தட்டியிருந்தா சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும்."

சாவிக்காரர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. அவர் சுவரில் சாய்ந்திருந்த செயற்கைக் காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பதினோரு வருஷமா யாரு மேலயும் கோவமில்லாம இருந்தேன் சார். நேரம் சரியில்லன்னு சொல்லிச் சொல்லி, எம் பொண்டாட்டி, புள்ளைங்க, எல்லாருமே அதுக்குப் பழகிட்டோம். இப்ப வந்து நீங்கதான்னு சொல்றீங்க. இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

டாக்டர் மன்னிப்புக் கேட்கலாம்தான். கேட்டால் அதையும் அந்த மனிதர்தானே கொடுக்க வேண்டும்? இருந்த காலும் போய், இருந்த நிம்மதியும் போய், இனி மன்னிப்பையும் அவரே கொடுக்க வேண்டும்.

சாவிக்காரர் வேகனை இரண்டு கையாலும் பதமாக எடுத்து, பஞ்சுக்கு நடுவே படுக்க வைத்து, மூடியை அழுத்தி, பெட்டியை டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க சார்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாரு? குறி இருந்துச்சாமா?" என்று கேட்டாள். டாக்டர் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.