ஜெகதீஸ்வரியின் கால்கள்

புதன்கிழமை பத்தரைக்கு ஜெகதீஸ்வரி சில்வர் தட்டை எடுத்து அகப்பையால் தட்டுவார். பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேலில் அவர் தன் வீட்டிலேயே நடத்தும் கார்டெரி என்ற குழந்தைக் காப்பகத்தின் ஐந்து குழந்தைகளும் விளையாட்டைப் போட்டுவிட்டு நிலவறைக்கு இறங்குவார்கள். ஜன்னல் இல்லாத மூலையில் குந்தி, தலையைக் கையால் மூடிக்கொள்வார்கள். இரண்டு தரம் எண்ணிப் பார்த்த பிறகே ஆளுக்கொரு பிஸ்கட்.

வயது ஐம்பத்தெட்டு. அவருடைய பிரெஞ்சு, குழந்தைகளிடம் பொறுக்கிய பிரெஞ்சு. பதிலுக்கு அவர்கள் பொறுக்கிய தமிழ் ஒரே சொல்தான்: சீக்கிரம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் சொல்லும் ‘கெதியா’. சப்பாத்து மாட்டவும் அதுதான், சாப்பிடவும் அதுதான்.

போன ஜூலையில் ஒரு மத்தியானம் வானம் பச்சையாகக் கறுத்தது. சுழல்காற்று வந்தால் ஊத இந்த ஊர்த் தெருவில் சங்கு கிடையாது, கைபேசிதான் அலறும். அலறியது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவேயில்லை. யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்கு ஓடிப் பழகிய கால்கள் அதற்குள் கிளம்பிவிட்டன. ஐந்து பேரையும் பின்வளவு மேப்பிள் மரத்தடியில் குப்புறப் படுக்கவைத்து, மேலே தானும் கவிழ்ந்தார்.

பக்கத்து வீட்டு செலீன் கத்திக்கொண்டே வேலி தாண்டி வந்து, இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடினாள். மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு இவர் பின்னால் ஓடினார். கடைசிப் படியில் நிற்கும்போது வீடு அதிர்ந்தது. அடங்கியபின் வந்து பார்த்தால், பிள்ளைகள் படுத்திருந்த இடத்தில் மரத்தின் பெரிய கிளை கிடக்கிறது. அதனடியில் ஒரு சின்னச் சப்பாத்து.

அன்று மாலை, மகளைக் கூட்டிப்போக வந்த, தமிழ் தெரிந்த ஜென்சியிடம் அவர் எதையும் மறைக்கவில்லை.

“நான்தான் வெளியிலை கொண்டுபோனனான், பிள்ளை. குண்டுக்கு வெளியிலை ஓடவேணும், காத்துக்கு உள்ளுக்கு ஓடவேணும். மண்டைக்கு விளங்குது. காலுக்கு விளங்கேல்லை.”

ஜென்சி மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வழக்கம்போல மகளைக் கொண்டுவந்து விட்டாள். அதைத்தான் ஜெகதீஸ்வரியால் தாங்க முடியவில்லை. அந்த வாரமே தட்டும் அகப்பையும் வந்தன.

இந்த மே மாதம் அரசாங்கம் சோதனைக்காகக் கைபேசிகளை அலறவிட்டது. தட்டு ஒலிக்காமலே குழந்தைகள் படியிறங்கினார்கள். ஜெகதீஸ்வரியின் கை பின்கதவுப் பிடியில் இருந்தது. எப்படி அங்கே போனது என்று அவருக்குத் தெரியாது.

ஜென்சியின் மகள் மட்டும் திரும்ப ஏறி வந்தாள்.

“கெதியா,” என்றாள். பிடியை இறுக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.