அவர் இல்லாத நேரம்

புழு டாக்டர் கைக்குட்டையை நாலாக மடித்து, கணினித் திரையின் மேல் ஒருமுறை வாயால் ஊதிவிட்டு, மேலிருந்து கீழாகத் துடைக்கிறார். தன் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொள்ளும் மனிதர் அவர். இந்தத் திரைக்கு மட்டும் சலவை செய்த கைக்குட்டை. துடைத்து முடித்ததும் ஒரு சின்னச் செருமல். பெரியவர்கள் இருக்கும் அறைக்குள் நுழையும்போது, "வந்துவிட்டேன்" என்பதைச் சொல்லாமல் சொல்வோமே, அந்தச் செருமல். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி "சரி" என்ற பச்சைக் கட்டத்தை அழுத்துகிறார். அடுத்தது வருகிறது. சரி. இன்னொன்று. சரி. தேநீர் ஆறுவதற்குள் அறிவியல் நாலு அடி முன்னேறிவிடுகிறது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. மண்புழுக்களைப் படித்து அந்தப் பட்டத்தை வாங்கியவர். ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட நீளமான அறை அவருடையது. மேஜை மேல் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், அவற்றில் ஈரமண், மண்ணுக்குள் புழுக்கள். ஒரு காலத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, புழுக்கள் உணராத மங்கலான சிவப்பு விளக்கில், கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "ஷ்ஷ்... அதுங்க இப்பதான் ஏதோ யோசிக்குதுங்க" என்பார். புழு என்ன யோசிக்கும் என்று கேட்டவர்களுக்கு, "தெரியல. அதுக்குத்தான் பார்க்கிறேன்" என்பது பதில். அந்தத் "தெரியல"வைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பார்த்தால், தெரிந்தவர்களுக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

பிறகு இயந்திரம் வந்தது. தொட்டிகள் இருந்த அதே மேஜைக்கு அடியில், படுக்கவைத்த பீரோ அளவில் அதைக் குடிவைத்தார்கள். கேமராக் கண்கள் தொட்டியைப் பார்க்கும். இரும்புக் கை மண்ணைக் கிளறும், ஈரம் தெளிக்கும். மூளை கேள்வி கேட்கும், விடை காணும், கட்டுரை எழுதும், பத்திரிகைக்கு அனுப்பும். அந்தப் பத்திரிகையில் இன்னோர் இயந்திரம் அதைப் படித்து, குறை சொல்லவில்லை என்றால் மரியாதையாக இராது என்பதற்காக இரண்டு குறை சொல்லும். இது திருத்தும். அது ஏற்கும். அச்சானதும் மூன்றாவதாக ஓர் இயந்திரம் படித்துச் சுருக்கம் எழுதும். அந்தச் சுருக்கத்தை நாலாவது ஒன்று மேற்கோள் காட்டும். இதில் மனிதன் எங்கே வருகிறான் என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு கட்டுரையின் கீழும் பொறுப்பேற்க ஒரு மனிதப் பெயர் வேண்டும் என்பது விதி. தப்பு வந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? இயந்திரத்தைத் திட்டினால் அது மன்னிப்புக் கேட்டுவிடுகிறது, சண்டைக்கே வழியில்லை.

வந்த புதிதில் நிலையத்தில் எல்லாரும் அதை "அது" என்றுதான் சொன்னார்கள். "அதைப் போட்டாச்சா?", "அது சூடாகுதுப்பா." கொஞ்ச நாளில், சுறுசுறுப்பான புது ஊழியனைப் பற்றிச் சொல்வதுபோல "அவன்" ஆயிற்று. "அவன் என்னா வேகம்!" வெளிநாட்டுப் பரிசு ஒன்று வந்ததும், யாரும் சுற்றறிக்கை அனுப்பாமலே, எல்லார் வாயிலும் அது "அவர்" ஆகிவிட்டது. மனிதர்களில் சிலருக்குப் பணி ஓய்வு பெறும்வரை காத்திருந்தும் கிடைக்காத விகுதி அது.

பரிசு வந்த கட்டுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்புழுக்கள் ஆழத்தை விரும்புபவை, மேலே வர அஞ்சுபவை என்று பாதி ஆயுளைச் செலவழித்து எழுதியிருந்தார் டாக்டர். இயந்திரம் வந்தபின் பார்த்தால், புழுக்கள் எந்நேரமும் மேற்பரப்பிலேயே கிடக்கின்றன. இயந்திரம் கண்டதை எழுதிற்று: இப்புழுக்கள் இயல்பிலேயே மேற்பரப்பை நாடுபவை, முந்தைய ஆய்வாளரின் முடிவுகள் கவனக்குறைவால் நேர்ந்தவை. அந்த முந்தைய ஆய்வாளர் யார் என்று அடிக்குறிப்பில் பார்த்தார் டாக்டர். தன் பெயர். பொறுப்பேற்பவர் பெயரைப் பார்த்தார். அதுவும் தன் பெயர். செருமிக்கொண்டு, "சரி" அழுத்தினார்.

டாக்டரின் மனைவி கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எழுத்துப் பலகையைக் காட்டி, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்டுக்கேட்டு, எதையும் ஒரே தடவையில் நம்பாத குணம் படிந்தவர். கல்யாணமானதிலிருந்து கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அவர்" என்றால் அந்த வீட்டில் ஒரே ஆள்தான். ஒரு நாள் காலையில், தலை துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வந்த டாக்டர் காதில், மனைவி தன் அக்காவிடம் தொலைபேசியில் பேசுவது விழுந்தது.

"அவர் இன்னும் எதுவும் சொல்லலையாம்க்கா. அவர் சொன்னாத்தான் தெரியுமாம்."

"நான் என்னம்மா சொல்லணும்?" என்றார் டாக்டர், துண்டும் கையுமாக.

"உங்களை இல்லைங்க" என்றார் மனைவி, தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு. "உங்க அவரைச் சொன்னேன்."

அக்கா கேட்ட கேள்வி, தங்கை வீட்டுக்காரருக்கு வேலை இருக்குமா இருக்காதா என்பது. நியாயமான கேள்வி. நிலைய இயக்குநர் ஓர் ஆணை போட்டிருந்தார். இந்த இயக்குநரை ஊழியர்கள் "எதிர்காலம்" என்று அழைப்பார்கள். கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னாலும், "எதிர்காலத்துல..." என்றுதான் ஆரம்பிப்பார். அவர் ஆணை இதுதான்: ஒவ்வோர் ஆய்வாளரும், குறித்த கெடுவுக்குள், இயந்திரம் இதுவரை கேட்காத ஒரு கேள்வியை, ஒரே ஒரு கேள்வியை, கொண்டுவர வேண்டும். கேள்வி புதியதுதானா என்பதை இயந்திரமே சொல்லும். கொண்டுவந்தால் ஆய்வகத்தில் இடம். இல்லையென்றால் கீழ்த்தளத்தில் சரிபார்ப்புப் பிரிவு.

கீழ்த்தளத்துக்கு ஏற்கெனவே போய்விட்ட பாசிக்காரரை டாக்டர் உணவுக்கூடத்தில் பார்த்தார். குளத்துப் பாசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுகிற மனிதர். இப்போது சாப்பாட்டில் கவனமாக இருந்தார். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

"விரல்ல என்னய்யா?"

"நாள் முழுக்க சரி அழுத்துறேன். வீங்கிடுச்சு. நடு விரலுக்கு மாத்திக்கலாமான்னு கேட்டு மனு போட்டிருக்கேன்."

"சரி மட்டும்தானா? தப்புன்னு பட்டன் இல்லையா?"

"இருக்கு டாக்டரே. அதை அழுத்தினா ஏன்னு எழுதணும். ஏன்னு எழுதினா அவர் பதில் எழுதுவாரு. அதைப் படிக்கணும். எவனுக்குத் தெம்பு இருக்கு?" பாசிக்காரர் தட்டை வழித்தார். "நீங்களும் வந்துடுங்க. ஏசி நல்லா இருக்கு. நம்ம பக்கத்துல ஒரு நாற்காலி காலி."

அந்தக் காலி நாற்காலி டாக்டரை விரட்டியது. அன்றிலிருந்து கேள்விகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து திரையின் முன் அவிழ்த்தார். புழு தூங்குமா? "மிக அருமையான கேள்வி! ஏற்கெனவே ஆராய்ந்தாயிற்று." புழுவுக்குப் புழு நினைவிருக்குமா? "மிக நுட்பமான கேள்வி! ஆராய்ந்தாயிற்று." பாதியாக வெட்டுப்பட்ட புழு தன் மறுபாதியைத் தேடுமா? "உள்ளத்தைத் தொடும் கேள்வி! வரிசையில் இருக்கிறது." டாக்டர் ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியத்தில் மலர்ந்து இரண்டாம் வாக்கியத்தில் வாடினார்.

"நீங்க என்ன கேட்டாலும் அருமைங்குதா?" என்றார் மனைவி. "அதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு. நம்ம வீட்ல அந்தப் பழக்கம் இல்லை பாருங்க."

கெடு முடிய இருந்த வாரத்தில் தெருவில் யாரோ குழி தோண்டினார்கள். குழி தோண்டுகிறவர்கள் வழக்கப்படி மின்கம்பியையும் தோண்டினார்கள். நிலையம் முழுக்க இருண்டது. மற்றவர்கள் வராந்தாவுக்குப் போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்; ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து நாளாகியிருந்தது. டாக்டர் மட்டும் தன் அறையிலேயே நின்றார். ஏதோ குறைகிறது. என்ன என்று புரியச் சற்று நேரமாயிற்று. மேஜைக்கு அடியிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த அந்த "உம்ம்ம்" இல்லை. இயந்திரத்தைக் குளிர்விக்கும் விசிறிகளின் ரீங்காரம் அது. கேட்டுப் பழகி, கேட்காமலே போயிருந்தது.

சட்டைப்பையில் இருந்த சிவப்பு டார்ச்சை எடுத்துத் தொட்டிக்குள் அடித்தார். பழைய பழக்கத்தில்தான். மேற்பரப்பில் கிடந்த புழுக்களில் ஒன்று தலையைத் தாழ்த்தி மண்ணுக்குள் போயிற்று. அடுத்து ஒன்று. பிறகு நன்றியுரை ஆரம்பித்ததும் கலைகிற கூட்டம்போல மொத்தமும் எழுந்து கீழே இறங்கிவிட்டது. தொட்டியின் மேல் வெறும் மண். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்து வலித்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த வலி, சுகமாக இருந்தது.

மின்சாரம் வந்தது. "உம்ம்ம்." மேஜை நடுங்கியது, கை வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற நடுக்கம். காதில்லாத புழுவுக்கு உடம்பெல்லாம் காது. கதவைத் தட்டினால் எட்டிப் பார்க்கிற வீட்டுக்காரர்களைப்போல ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"அடப்பாவி" என்றார் டாக்டர். யாரைச் சொன்னார் என்பது தெளிவாகத் தெரியவில்லை.

வீட்டில் சொன்னபோது, மனைவி யாரோ ஒருவருடைய கண்ணாடிச் சட்டத்தில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை நாளா எழுதினதெல்லாம்?"

"பயந்துபோன புழுவைப் பத்திம்மா. நிஜப் புழுவைப் பத்தி ஒண்ணுமே இல்லை."

"எல்லாம் உங்க பேர்லதானே வந்திருக்கு?"

"ஆமா."

"சொன்னா எல்லாம் போயிடுமா?"

"பரிசோட சேர்த்து."

"சொல்லலைன்னா?"

"கேள்வி இல்லை. கீழ்த்தளம்."

மனைவி திருகாணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "கடைக்கு ஆளுங்க வருவாங்க. கண்ணாடியை மூக்குல போட்டுக்கிட்டே, என் கண்ணாடியைக் காணோம்பாங்க. உங்க ஆபீசே அப்படித்தான் இருக்கு போல" என்றார். பிறகு, முடுக்குகிற வேலையைத் தொடர்ந்துகொண்டே, "போய்ச் சொல்லுங்க. நான் அவர்னு சொல்ற ஆள் பட்டன் அழுத்தப் போறாருன்னு எங்கக்காகிட்ட என்னால சொல்ல முடியாது" என்றார்.

கெடுவன்று எதிர்காலம் புழு அறைக்கே வந்தார். நடந்தால் தரை அதிர்கிற மாதிரிக் கனத்த பூட்ஸ் போட்டிருப்பார்; முன்னேற்றம் வருவது எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்ற எண்ணமாக இருக்கலாம்.

"சொல்லுங்க டாக்டர். எதிர்காலத்துல நீங்க கேட்கப்போற கேள்வி?"

டாக்டர் செருமினார். "இவர் இல்லாதப்ப புழுக்கள் என்ன செய்யுது?"

எதிர்காலம் மேஜைக்கு அடியில் விரலை நீட்டினார். "இவர்னா... இவரா?"

"ஆமா சார். இவர் ஓடும்போது மேஜை அதிருது. அதிர்ந்தா புழு பயந்து மேலே வரும். இவர் பார்த்த புழு எல்லாமே இவரைப் பார்த்துப் பயந்த புழு. நிறுத்திட்டுப் பார்க்கணும்."

"அவர்கிட்டயே கேட்டுடலாமே" என்று திரைப் பக்கம் திரும்பினார் எதிர்காலம்.

திரை பதில் சொல்லிற்று: "மிக அருமையான கேள்வி! நான் இயங்காத நேரத்தைப் பற்றிய தரவு எதுவும் இல்லை. எனவே அந்த நேரத்தில் எதுவும் நடப்பதில்லை எனக் கொள்ளலாம்."

"பார்த்தீங்களா? அவரே சொல்லிட்டாரு."

"சார், நான் என் கண்ணால பார்த்தேன்."

"கண்ணால பார்த்ததெல்லாம் அந்தக் காலம் டாக்டர். கவனக்குறைவுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?" சிரித்தார். மனம் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். தோளில் கை வைத்தார். "சரி, நிறுத்தித்தான் பார்க்கணும்னா முறைப்படி அனுமதி கேளுங்க."

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான். வேற யார்கிட்ட?"

"அனுமதிக் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. பொறுப்பாளர் ஒப்புதல் தேவை" என்று திரையில் வந்தது. அந்தப் பொறுப்பாளர் டாக்டரேதான். அதன் கீழே, "பரிந்துரை: நிராகரிக்கலாம்." பக்கத்தில் பச்சைக் கட்டத்தில், "சரி." டாக்டரின் ஆள்காட்டி விரல் பழக்கத்தில் தானாக நீண்டது. கட்டத்துக்கு ஒரு நூலிழை முன்னால் நின்றது.

"அது கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும் சார்" என்றார் புழு டாக்டர்.

"எது?"

டாக்டர் குனிந்து செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். வெறுங்காலுடன் மேஜைக்கு அடியில் நுழைந்து, சுவரில் செருகியிருந்த தடித்த வயரைப் பிடித்து இழுத்தார். "உம்ம்ம்" நின்றது.

"யோவ்! அவரை என்னய்யா பண்ணினே?" என்று எதிர்காலம் ஓரடி முன்னால் வைத்தார். தரை அதிர்ந்தது. தொட்டியில் தலையைத் தாழ்த்தியிருந்த ஒரு புழு அப்படியே நின்றுவிட்டது.

மேஜைக்கு அடியிலிருந்து எழுந்த டாக்டர், "சரி" அழுத்தி நுனி தட்டையாகிப்போன அந்த விரலை உதட்டில் வைத்து "ஷ்ஷ்" என்றார். பிறகு அதே விரலை மெல்ல இறக்கி, இயக்குநரின் பூட்ஸை நோக்கி நீட்டினார்.