மிஸ்டர் வின்ஸ்லேட்டுக்கு உடுப்பு மாட்டிய காலம்

நாடக மேடைக்குப் பின்னால் நின்று உடுப்பு மாட்டிவிடுகிறவனைச் சனம் காணக்கூடாது. கண்டுவிட்டார்கள் என்றால் எங்கேயோ பிழை நடந்துவிட்டது என்று அர்த்தம்.

கனடாவில் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினவர்கள், கட்டடம் கூட்டினவர்கள், தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினவர்கள் எல்லாரும் என் ஆட்கள்தான். மேலே நிற்கிறவரின் முகம் கொஞ்சம் கறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் நான் தையல்கடை வைத்திருந்தவன். எண்பத்துநாலில் இங்கே வந்தேன். அடுத்த வருஷம் ஒரு நாடக அரங்கில் தைக்கிற வேலை கிடைத்தது. சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, இரண்டாம் கிழமையே, "இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய நடிகர் வந்திருக்கிறார், அவருக்கு உடுப்பு மாட்ட ஆள் இல்லை" என்று என்னை அவருடைய அறைக்குள் தள்ளிவிட்டார்கள். அவர்தான் மிஸ்டர் வின்ஸ்லேட். வயது எழுபதுக்குக் கிட்ட. அவர் பேசியது ஆங்கிலம்; இங்கே நீங்கள் வாசிப்பது என் காதில் விழுந்த தமிழ்.

முப்பது செக்கன்

நாடகத்தில் அவர் ஓய்வுபெற்ற ஒரு தளபதி. முதல் அங்கத்தில் இராணுவ உடுப்போடு மேடையிலிருந்து உள்ளே வருவார், முப்பது செக்கனில் மகளின் கலியாணத்துக்குக் கறுப்புக் கோட்டோடு திரும்பப் போகவேண்டும். மேடையின் ஓரத்தில் இருட்டு. வாயில் ஒரு சின்ன டோர்ச்சைக் கவ்விக்கொண்டு நான் கோட்டை மாட்டினால், கழுத்துக் கொக்கி கையோடு கழன்று வருகிறது. மேடையில் மகளாக நடிக்கிற பிள்ளை அப்பாவைக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். தேட நேரமில்லை. என் சட்டையில் நூலோடு குத்தியிருந்த ஊசியை எடுத்து, அவரைக் கோட்டோடு சேர்த்துத் தைத்தேன். மூன்றாவது தையல் தோலுக்குள் இறங்கியது எனக்கே தெரிந்தது. அவர் ஒரு சத்தம் போடவில்லை. கொலரில் ஒரு துளி இரத்தத்தோடு சிரித்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். இடைவேளைக்கு வந்தவர் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தார். "ஐம்பது வருஷமாகப் பத்திரிகைக்காரர் என்னைக் குத்துகிறார்கள், ஆனால் பயத்தோடு குத்தினது நீர் ஒருவர்தான்."

கப்பல் கப்டன்

அவருடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். வட இங்கிலாந்தில் கரி மூட்டை சுமந்தவரின் மகன். றேடியோவைக் கேட்டுக் கேட்டே பேச்சைத் திருத்திக்கொண்டாராம். பதினேழு வயதில் மேடையில் ஈட்டியோடு நிற்கிற வேலை, வசனமே இல்லை. பிறகு யுத்தப் படங்கள் வந்தன. ஒரு படத்தில் மூழ்குகிற கப்பலின் கப்டனாக நடித்த பிறகு அவரைத் தெரியாதவர்கள் இல்லை. தலைமயிர் போக, படங்களும் போய்விட்டன.

ஒருநாள் பின்கதவடியில் வயதான ஒரு பெண் அந்தப் படத்தின் போட்டோவோடு நின்றார். அந்தக் கப்டனின் பெயரிலேயே கையெழுத்து வேண்டுமாம். மிஸ்டர் வின்ஸ்லேட் பேனாவை வாங்கினார். பேனா தாளைத் தொட்டது, நகரவில்லை. ஒரு நிமிஷம் போயிருக்கும். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். தண்ணீருக்குள் போகிறவனின் பார்வை அது. போட்டோவின் அடியில் சின்ன எழுத்தில் அந்தக் கப்டனின் பெயர் இருந்தது. தொப்பியைக் கொடுக்கிற சாட்டில் குனிந்து காதுக்குள் சொன்னேன். எழுதிக்கொடுத்தார்.

அந்தப் பெண் என்னிடம் சொன்னார்: "இத்தனை படம் நடித்த மனுசன் ஒரு பெயரை எப்படி ஞாபகம் வைத்திருப்பார், பாவம்!"

சேட்டுக் கை

அதற்குப் பிறகு அவர் அறைக் கதவைப் பூட்டிவிட்டு என்னைக் கேட்டார், மூன்றாம் அங்கத்து வசனங்களைத் தான் கோட்டுக்குள்ளே போடுகிற சேட்டுக் கையின் உள்பக்கத்தில் எழுதிவிட முடியுமா என்று. யாருக்கும் சொல்லக்கூடாது. நானும் மனைவியும் கனடாவில் இருக்க அனுமதி கேட்டுப் போட்ட அகதி வழக்கு அப்போது இன்னும் விசாரணைக்கே வரவில்லை. பிடிபட்டால் வேலையிடத்தில் கள்ளம் செய்தவன் என்று பெயர் வரும், அது வழக்கையும் கெடுக்கும். ஆனாலும் அந்த மனிதர் கையை நீட்டிக்கொண்டு இருந்தார். எழுதினேன்.

மூன்று கிழமை ஓடியது. ஒரு பகல் காட்சியில் அரங்குக்குள் சரியான வெக்கை. வியர்வையில் மை கரைந்துவிட்டது. அவர் கையைத் திருப்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. பிறகு மேடையில் இருந்த யன்னலடிக்கு நடந்து போய், சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சனத்திடமிருந்து ஒரு இருமல்கூட இல்லை. எனக்கு அந்த வசனம் பாடம். வாயைத் திறந்தால் முன்வரிசைக்கும் கேட்கும். கடைசியில் மகளாக நடித்த பிள்ளை, கெட்டிக்காரி, "அப்பா, அந்தக் கடிதத்தைப் பற்றியா யோசிக்கிறீர்கள்?" என்று தானாகவே ஒரு கேள்வியைப் போட்டாள். அவர் திரும்பினார். வசனமும் வந்துவிட்டது.

மேடை மனேஜர் லிண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்தாள். "அந்த மௌனம் இருக்கே, அற்புதம், நாளைக்கும் அப்படியே செய்யச் சொல்லு."

வாள்

கடைசி அங்கத்தில் தளபதி கோபத்தில் வாளை வீசுவார். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். மகள் இடப்பக்கம் நிற்பாள். வலப்பக்கம் வீசும்போது நிமிர்ந்து நிற்கவேண்டும், இடப்பக்கம் வரும்போது குனியவேண்டும். கூர் இல்லாத வாள்தான், ஆனால் இரும்பு.

அன்றைய பகல் காட்சியில் அவர் முதலிலேயே இடப்பக்கம் வீசினார். அவள் நிமிர்ந்து நின்றாள். எப்படித் தலையைச் சரித்தாளோ தெரியாது, வாள் காதை உரசிக்கொண்டு போய்க் கொண்டையில் இருந்த ரிப்பனைத் தட்டி விழுத்தியது. சனம் கைதட்டியது. உள்ளே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வழுக்கிவிட்டதால்தான் அவர் வாளை மாறி வீசியிருப்பார் என்று அவளே எல்லாருக்கும் சொன்னாள். அறைக்குள் நான் அவருடைய சப்பாத்தைக் கழற்றும்போது அவர் சாதாரணமாகக் கேட்டார், "இன்றைக்கு வாள் காட்சி செய்தோமா?" என்று.

நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடத்துக்கு நடந்தே போனேன். பதினாலாம் மாடியில் என் மனைவி ராசமணி இரவுச் சமையலுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் அவவிடம் சொல்லி முடித்தேன். லிண்டாவிடம் சொன்னால் அவருடைய மேடை வாழ்க்கை முடிந்தது, என் வேலையும் போகலாம் என்றேன். அவ கத்தியைக் கீழே வைத்தா.

"இஞ்சாருங்கோ, எங்கடை கேஸ் முடியேல்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பா. நாளைக்கு வாள் பிழைச்சா, நீங்கள் வாய் திறக்காமல் நிண்டதை ஆரிட்டைச் சொல்லுவியள்?"

கோட்டுப் பொத்தான்

அடுத்தநாள் மத்தியானம் முதலில் அவரிடம்தான் போனேன். "சேர், நீங்கள் லிண்டாவுக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லவேணும்" என்றேன். அவர் முகத்தில் பாதி மேக்கப். எழும்பினார். நான் வாக்குக் கொடுத்ததை நினைவுபடுத்தினார். தன் ஒரு சொல்லில் என்னை வெளியே அனுப்பலாம் என்றார். பிறகு குரல் இறங்கியது: இன்னும் ஆறு காட்சிதான், விட்டுவிடும் என்று கெஞ்சினார். கோபத்தைத் தாங்கினேன், அந்தக் கெஞ்சலைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் போய் லிண்டாவின் கதவைத் தட்டினேன். சேட்டுக் கையை மேசையில் விரித்தபோது அவள் குனிந்து வரிவரியாக வாசித்தாள். அன்றிரவு மாற்று நடிகர் மேடை ஏறினார். என்னை யாரும் வேலையால் நிறுத்தவில்லை.

மிஸ்டர் வின்ஸ்லேட் தன் சொந்தக் கோட்டோடு நடைவழியால் வந்தார். பொத்தான்கள் ஒன்று தள்ளிப் பூட்டியிருந்தன. என் கை தானாக உயர்ந்தது; அவர் தட்டிவிட்டார்.

"குண்டு விழுந்த ஊரிலும் நான் மேடையை விட்டு இறங்கவில்லை. இறக்கினது ஒரு தையற்காரன்."

கமரா

இரண்டு வின்ரர் குளிரும் போயின. ஒருநாள் ஒரு படக் கொம்பனியிலிருந்து ரெலிபோன். ரொறன்ரோவில் எடுக்கிற படத்தில் மிஸ்டர் வின்ஸ்லேட் ஒரு நீதவானாக வருகிறாராம். உடுப்பு மாட்ட நான்தான் வேண்டுமாம். பழி தீர்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று பயந்துகொண்டு போனேன்.

மெலிந்திருந்தார். ஒரு நேரத்தில் ஒரு வசனம்தான். அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கமராவுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாததால் அவர் முகத்தில் பழைய பயம் இல்லை. ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுக் கமராவைச் சும்மா பார்த்தார், லைட் பிடித்தவன்கூட அசையவில்லை.

இடையில் என்னைக் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லைத்தானே?" இல்லை சேர், நல்லாய் இருக்கிறாள் என்றேன். சாப்பாட்டு நேரம் திரும்பக் கேட்டார். பின்னேரம், மூன்றாம் தரமும் கேட்டார். நாடகத்தின் பெயர் அவருக்கு மறந்துவிட்டது, அவளுடைய பெயரும் மறந்துவிட்டது. அந்த வாள் காதோரம் போனது மட்டும் எங்கேயோ தங்கிவிட்டது. மூன்றாம் தரமும் புதிதாய்ச் சொல்வதுபோல் சொன்னேன்.

அவர் எழும்பினார். பிறகு இரண்டு கையையும் பின்னால் நீட்டினார். "அப்போ நீர் செய்தது சரி. கோட்டைக் கொண்டு வாரும்."

உடுப்பை மாட்டிவிடுகிறவனுக்கு அன்றைக்கே நன்றி கிடைத்துவிடும், கழற்றச் சொல்லுகிறவன்தான் கொஞ்சக் காலம் குளிருக்குள் நிற்கவேண்டும்.