மூடிவைத்த மஞ்சள் வரி

எங்கள் நிறுவனத்தின் ஆண்டு மலரில், செயலி எழுதும் பழைய முறையை விட்டு, ஃபிரேம்வொர்க் எனப்படும் புதிய சட்டகத்துக்குக் குடிபெயர்ந்த வரலாறு ஒரு பக்க அளவில் வெளிவந்திருக்கிறது. அப்பணி ஒரு கீறலும் இன்றி நிறைவேறியதாம். கீறல் விழுந்த வீடு செம்பாக்கத்தில் என் வீட்டுக்கு எதிரே நிற்கிறது. பொய்யை வழவழப்பான தாளில் அச்சிட ஆள் இருக்கும்போது, உண்மையை வெறுந்தாளிலேனும் ஒருவர் எழுதிவைத்தாக வேண்டும். அதன்பொருட்டே இதனை எழுதுகிறேன்.

கேளம்பாக்கத்தில் உள்ள அந்நிறுவனத்தில் கைப்பேசித் திரைகளை வடிப்பது என் தொழில். குடியிருப்புகளுக்குத் தண்ணீர் லாரி பதிவுசெய்யும் செயலி எங்களுடையது. ஆண்ட்ராய்டுக்கு ஒருமுறை, ஐபோனுக்கு ஒருமுறை என ஒவ்வொரு திரையையும் அந்தந்தக் கருவிக்கு உரிய மொழியில் தனித்தனியே எழுதிவந்தேன். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை.

என்னில் பாதி அகவை உடைய குழுத்தலைவர் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். பொறியாளராகப் போனவர் மதபோதகராகத் திரும்பினார்.

"சார், இனிமே ரெண்டு தடவ எழுதற பேஜாரே இல்ல. ஒரே கோடு, ரெண்டு போன்லயும் ஓடும். ஸ்கிரீன் எப்டி இருக்கணும்னு சொல்லிட்டா போதும், அதுவே வரைஞ்சுக்கும்."

"அப்படியானால் நமக்கு என்ன வேலை?"

"நீங்க கேக் சாப்பிடுங்க சார்."

அறையே சிரித்தது. அச்சட்டகத்தின் சின்னத்தைப் பாலேட்டில் வரைந்த கேக் ஒன்று உண்மையாகவே மேசைமேல் இருந்தது. ஒரு வரிகூட எழுதப்படாத நிரலுக்குப் பிறந்தநாள் கொண்டாடிய கூட்டத்தை அன்றுதான் கண்டேன்.

சட்டகத்தின் விளக்கநூலை நான் முழுவதும் படித்தேன். படிக்கப் படிக்க என் ஏளனம் சட்டகத்தின்மேல் நிற்க மறுத்தது. அதனைப் படியாமலே பறைசாற்றியவர்கள்மேல் போய் அமர்ந்தது. முன்பெல்லாம் இந்தப் பொத்தானை மறை, அந்த எழுத்தை மாற்று என்று திரைக்கு ஒவ்வோர் ஏவலாக இடுவோம். புதிய முறையில், நிலை இன்னது எனில் திரை இன்னவாறு இருக்கும் என்று அறிவித்துவிடுகிறோம். நிலை மாறினால் திரை தானே மாறும். நேர்த்தியான கொள்கை. ஆனால் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அதற்கே உரிய அடையாளம் ஒன்றைக் கொடுக்கவேண்டும். கொடாவிட்டால் சட்டகம் வரிகளை அவை நிற்கும் இடத்தைக் கொண்டே அறியும். மேலே புதிய வரி ஒன்று நுழைந்தால், ஒருவருக்கு இட்ட குறி வேறொருவர் பெயரில் போய் நின்றுவிடும்.

இதனைச் சட்டகமே மஞ்சள் வரி ஒன்றில் எச்சரிக்கும். லாரி அனுப்புபவர் பதிவுகளைப் பார்த்துக் குறியிடுவதற்கு எங்கள் தலைவர் எழுதிய பட்டியல் திரையிலும் எச்சரித்தது. ஆனால் வாடிக்கையாளருக்குச் செயலியைக் காட்டும் வெள்ளிக்கிழமைகளில், மஞ்சள் தெரிந்தால் மதிப்புக் கெடும் என்று எச்சரிக்கைகள் அனைத்தையும் மூடிவைப்பது அங்கு வழக்கம். வெள்ளி கடந்தபின் அவற்றைத் திறப்பார் எவருமில்லை.

நான் சுட்டிக்காட்டினேன்.

"வார்னிங்தானே சார், எர்ரர் இல்லியே. ஓடுதுல்ல?" என்றார். பிறகு அருகிலிருந்தவரிடம், "சாருக்குப் புதுசுன்னாலே ஆகாது மச்சான்."

திருத்தி அனுப்பினேன். அவருடைய ஒப்புதல் இன்றி எதுவும் நிரலில் சேராது, அவர் ஒப்பவில்லை.

கோடை வந்தது. எதிர்வீட்டு அம்மையார் பள்ளி ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மகளுக்கு வீட்டிலேயே வளைகாப்பு. ஆழ்துளைக் கிணறு வற்றிக் கிடந்ததால், விடியலில் வரும்படி எங்கள் செயலியில் லாரிக்குப் பதிவுசெய்திருந்தார். விடிந்து வெகுநேரம் கழித்து என் வாயிற்கதவைத் தட்டினார்.

"சார், நீங்க பண்ண ஆப்னு நம்பித்தான் புக் பண்ணேன். லாரி வரவே இல்ல. கேட்டா அனுப்பியாச்சுங்கறாங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து இறங்கிட்டாங்க சார், கை கழுவத் தண்ணியில்ல."

லாரிகளை அனுப்புபவரை அழைத்தேன்.

"போயாச்சு சார். என் போன்ல டிக் கீது. மாடம்பாக்கத்துலதான் பேஜாரு. டிக் இல்லியேன்னு இன்னொரு லோடு அனுப்சா, தொட்டி ரொம்பி ரோட்டுல ஓடிக்கினு கீது!"

"காலையில் புதிய பதிவு ஏதேனும் மேலே வந்து சேர்ந்ததா?"

"ஆமா சார், அவசரம்னு ஒண்ணு வந்துச்சு."

நான் படித்தது படித்தபடியே நிகழ்ந்திருந்தது. மாடம்பாக்கத்து வீட்டுக்கு அவர் குறியிட்டார். மேலே புதிய பதிவு நுழைந்தது. பெயர்கள் ஒருபடி இறங்கின. குறி மட்டும் அங்கேயே நின்று, முந்தைய வரியிலிருந்து இறங்கிவந்த ஆசிரியையின் பெயரைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. உடனே ஒரு லாரி அனுப்பச் சொல்லிவிட்டுத் தலைவரை அழைத்தேன்.

"சண்டே சார் இன்னிக்கு. நாளைக்கு ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடுங்க, பாக்கலாம்."

"வளைகாப்பு இன்றைக்கு."

"அந்த அக்கா வூட்ல கொடம் இல்லியா சார்?" சிரித்துக்கொண்டே துண்டித்தார்.

என் வீட்டு நிலத்தடித் தொட்டியிலிருந்து தெருவுக்குக் குறுக்கே குழாய் போட்டேன். இருசக்கர வண்டிகள் அதன்மேல் ஏறும்போதெல்லாம் எதிர்வீட்டுச் சமையலறையில் தண்ணீர் விக்கி விக்கி வந்தது. என் தொட்டியின் அடிமண்டி தெரியும் வரை இறைத்தேன். அங்கே சோறு வடித்தார்கள், வந்தவர் கை கழுவினர். வளையல் அடுக்கி முடிந்த பிறகே லாரி வந்தது.

மறுநாள் திருத்தத்தை மீண்டும் அனுப்பினேன். அரைவரி நீளம்கூட இல்லாத திருத்தம். இம்முறை ஒப்பினார். ஒப்பிவிட்டுக் கூட்டத்தில் எழுந்து, சட்டகத்திலேயே ஒளிந்திருந்த குறை ஒன்றைத் தம் குழு கண்டுபிடித்ததாக அறிவித்தார். கைதட்டினார்கள். மீண்டும் கேக் வந்தது. ஆண்டு மலரில் படமாக இருப்பது அந்தக் கேக்தான்.

எதிர்வீட்டு அம்மையார் என்மேல் சினம் கொள்ளவில்லை. "இனிமே போன் பண்ணியே சொல்லிக்கறேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அன்றுமுதல் அப்படியே செய்கிறார். இத்தனை ஆண்டுகள் நான் வடித்த திரைகளுக்கு அந்தத் தெருவில் இருந்த ஒரே நற்சான்று அவ்வாறு போயிற்று.

லாரி வந்த வேளையை நான் பிழையாக நினைவில் கொண்டிருந்தால், அன்று அவ்வீட்டில் உண்டவர்கள் திருத்துக. நிரலைப் பற்றி நான் சொன்னதில் பிழை இருந்தால், அலுவலகத்தார் திருத்துக. அதற்குமுன் மூடிவைத்த எச்சரிக்கைகளைத் திறந்து படித்துவிட்டு வருக.